பல்பு அலமாரியில் ஒரு ஸ்வெட்டர்

“…சத்தம் வரலைன்னு நான் சொன்னேனா இல்லையாக்கா? அதை மட்டும் இந்த அண்ணாகிட்டச் சொல்லுங்க, போதும். எனக்காக வேற எதுவும் நீங்க பேச வேண்டாம்.”

ராணி இப்படிக் கேட்டது குன்னூர்க் கடைவீதியில், ஒரு சாக்லேட் கடைக்குள். காலை பத்து மணி. வெளியே நவம்பர் மழை. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் கடைக்காரர், இந்தப் பக்கம் ராணியும் நானும். ராணி என் வீட்டுச் சமையலறையில் எட்டு வருடம் என்னோடு நின்று வேலை செய்தவள். அன்று அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேராகச் சொன்னால் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வரிக்கு வந்து சேர நான் பட்ட பாடு தெரியாமல் படித்தால், ‘அக்கா நல்லவங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். அந்தப் பேர் எனக்கு வேண்டாம்.

வீட்டில் சாக்லேட் செய்யப் புதிதாக இறங்கியிருக்கும் தங்கச்சிகளே, நம் வாட்ஸ்அப் குழுவில் கூச்சப்பட்டுக்கொண்டு வாயே திறக்காத இரண்டு தம்பிகளே, மூன்று மாதமாக “அனுபவத்தை எழுதுங்கக்கா” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இருபத்தேழு வருடம் பாகு கிண்டிய என் வலது தோள் இப்போது தலை வாரக்கூட மேலே வர மாட்டேன் என்கிறது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “என்ன வேலைம்மா பாத்தீங்க, கல்லு உடைச்சீங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க, மிட்டாய் செஞ்சேன்” என்றேன். அவர் நம்பவில்லை. நீங்கள் நம்புவீர்கள், இன்னும் கொஞ்ச வருடம் போனால்.

அளவும் பதமும் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் கைபேசியில் என்னைவிட அழகாக, பாட்டுப் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு யாரும் எதையும் காட்டவில்லை. அடுப்பு காட்டியதுதான், கருகின பாத்திரம் காட்டியதுதான். அதோடு வீட்டு வாசலுக்கு வந்து போனவர்கள் சொன்னதும். சிலிண்டர் கொண்டுவருபவர், “உங்க ஊட்டுப் படி ஏறுனாலே பசிக்குதுங்க” என்பார். பேர்கள் எனக்கு மறந்துபோகும், சொன்னது மறக்காது. எனவே சொன்னதை வைத்தே எழுதுகிறேன்.

குழுவில் சேர்ந்தும் இன்னும் அடுப்பைப் பற்றவைக்காதவர்களுக்காக ஒரு விளக்கம். சர்க்கரையோடு கொஞ்சம் தேன் சேர்த்துப் பொன்னிறப் பாகாகக் காய்ச்சி, சமையல் சோடாவைப் போட்டு வேகமாகக் கிண்டினால் அது நுரைத்துப் பொங்கும். பொங்கியதைக் கொட்டி ஆறவிட்டால், உள்ளே முழுக்கத் துளை துளையாக, தேன்கூடு மாதிரி இறுகிவிடும். அதை உடைத்து, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுத்தால் கடையில் அதற்குப் பேர் ஹனிகோம்ப் டாஃபி. எங்கள் அடுப்படியில் அதற்குப் பேர் கூடு.

கூட்டுக்கு ஒரே எதிரி ஈரம். திறந்து வைத்த கூடு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு தளர்ந்துபோகும், பிறகு கரைந்துவிடும். அதைச் செய்ய நான் தேர்ந்தெடுத்த ஊர், மழை பிடித்தால் உப்பு ஜாடி தண்ணீர் விடும் ஊர், தீக்குச்சி நாலு உரசினால்தான் ஒன்று பற்றும் ஊர். “ராஜஸ்தான்ல செய்ய வேண்டிய பண்டத்தைக் குன்னூர்ல வந்து செய்யறா பாரு” என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

ஆரம்பத்தில் ஈரத்துக்கு முன்னால் இன்னொன்று என்னைப் படுத்தியது. பாகின் சூட்டைப் பார்க்கும் கம்பி ஒன்றை வாங்கிவந்து, ஒரு சமையல் குறிப்பில் போட்டிருந்த சூடு வரும்வரை காய்ச்சினேன். கருப்பாகி, கஷாயம் மாதிரிக் கசந்தது. திரும்பச் செய்தேன், திரும்பக் கசந்தது. பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது. கீழே சமவெளியில் இருந்துகொண்டு எழுதியவருக்கு அந்தச் சூடு சரி. இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்து ஓடிவிடுகிறது, பாகும் முன்கூட்டியே பதத்துக்கு வந்துவிடுகிறது. கம்பி காட்டிய எண்ணை நம்பி, பாகின் நிறத்தைப் பார்க்காமல் நின்றேன். அந்தத் தப்பு எனக்குச் சுலபமாக ஆறிவிட்டது, ஏனென்றால் கசந்தது என் வாய் மட்டும்தான்.

ஈரத்துக்கு நான் கண்ட வழி பல்பு அலமாரி. பழைய மர அலமாரி ஒன்று. அதன் அடியில் ஒரு அறுபது வாட் குண்டு பல்பு எப்போதும் எரியும். பட்டுப்புடவையும் கேமராவும் பூசணம் பிடிக்காமல் இருக்க இந்த மலையில் பலர் செய்கிற ஏற்பாடுதான். நான் அதில் கூட்டை வைத்தேன். மத்தியானம் வரை பாகு காய்ச்சி, உடைத்த கூட்டை ட்ரேயில் பரப்பி அலமாரிக்குள் வைத்துவிடுவோம். மறுநாள் காலைக் குளிரில் எடுத்து முக்குவோம். உங்களிடம் இப்போது ஈரம் உறிஞ்சும் மிஷின் இருக்கிறது. எனக்கு அந்த பல்புதான்.

முக்குவது ராணி. அவள் என்னிடம் வருவதற்கு முன்னால் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். அவள் அப்பா குடும்பம் சிலோனிலிருந்து திரும்பி வந்தது. எஸ்டேட் ஆட்களின் வரிசை வீட்டை நாங்கள் லைன் வீடு என்போம், அவள் இன்னும் லயம் என்றுதான் சொல்வாள். கொழுந்தை நகம் படாமல் கிள்ளிய விரல் என்பதாலோ என்னவோ, சாக்லேட்டில் முக்கியதும் அந்தத் துண்டை எல்லாப் பக்கமும் திருப்பி, ஊசி முனை இடம்கூட விடாமல் மூடிவிடுவாள். அது முக்கியம். சாக்லேட் மூடாத ஒரு பொட்டு இருந்தாலும் அந்த வழியாக ஈரம் உள்ளே போகும். உள்ளே கூடு கரைந்து, பழுப்பு நிறத்தில் கசிந்து வரும். அதை நாங்கள் ‘கூடு அழுவுது’ என்போம்.

முக்குவதற்கு முன்னால் ராணி ஒரு காரியம் செய்வாள். ஒவ்வொரு ட்ரேயிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து, காதுப் பக்கம் கொண்டுபோய் ஒடிப்பாள். டக் என்று கேட்டால் முக்குவாள். “கூடு பேசணுங்க்கா. பேசாத கூட்டைத் தொடக் கூடாது” என்பாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளாகக் கண்டுகொண்டது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், எட்டு வருடத்தில் அவள் காது ஒரு ட்ரேயைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை.

அந்த வருடம் அக்டோபரில் ஒரு நாள், நான் பாகைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்றபடி சொன்னாள்.

“அக்கா, டிசம்பர்லருந்து நாம சரக்குப் போடற கடைக்கார அண்ணா, கடை அலமாரில எனக்குன்னு ஒரு தட்டு தரேங்கறாரு. டப்பால என் பேர் போட்டு. காலைல இங்க வேலை முடிச்சிட்டு மத்தியானத்துக்கு மேல என் வீட்ல செய்யலாம்னு பாக்கறேன். உங்ககிட்டச் சொல்லாம செய்யக் கூடாதில்ல.”

“நல்லதுதானே” என்றேன். “என்ன திடீர்னு?”

“பள்ளிக்கூடத்துல அம்மாவுக்கு என்ன வேலைன்னு எழுதச் சொன்னாங்களாம். பாப்பா ‘ஒரு அக்கா வீட்டில் வேலை’ன்னு எழுதிட்டு வந்திருக்கா. தப்பொண்ணும் இல்ல. இருந்தாலும் ஒரு மாதிரி இருந்துச்சுக்கா.”

நல்ல வேளை, பாகு கையில் இருந்தது. திரும்பி அவளுக்கு முகம் காட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. காலையில் மட்டும் வருகிறேன் என்கிறாள், அது எத்தனை நாளைக்கு? தட்டு நன்றாக ஓடினால் காலையும் போய்விடும். பிறகு என் அடுப்படியில் நான் ஒற்றை ஆள். இதெல்லாம் ஒரு கிண்டு கிண்டுவதற்குள் மனசில் ஓடி முடிந்துவிட்டது.

அந்தக் கடைக்காரர் லேசில் யாருக்கும் இடம் தருகிறவர் இல்லை. கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பம், கடையைக் கோவில் மாதிரி துடைத்து வைத்திருப்பார். “என்ற கடையில தட்டு குடுக்கறதும் ஊட்ல பொண்ணு குடுக்கறதும் ஒண்ணுங்க. நாலு பேர்த்தைக் கேட்டுத்தான் குடுப்பேன்” என்பார். ராணியைப் பற்றி அவர் கேட்க வேண்டிய அந்த நாலு பேரும் நான் ஒருத்திதான். கேட்டார். “கை சுத்தம், வேலை சுத்தம்” என்று சொல்லியிருந்தேன். அதுவரை ஒழுங்காகத்தான் இருந்தேன்.

நவம்பரில் ஆறு நாள் விடாமல் மழை. துணி காய்வதென்பது ஒரு யுத்தம். ஃபிரிட்ஜ் பின்னால் காலுறை, குக்கர் மூடி மேல் கைக்குட்டை, நாற்காலி ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பாவாடை. என் வீட்டுக்காரருக்கு அப்போது வெலிங்டனில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா வேலை. அவரிடம் கனமான ஸ்வெட்டர் ஒன்றுதான் உண்டு. அதை நான் துவைத்துவிட்டேன், மூன்று நாளாக அது ஈரத்தில் கல் மாதிரி கனத்துக் கிடந்தது. “நாளைக்கு ஸ்வெட்டர் காயலைன்னா லீவு லெட்டர் எழுதிடுவேன். காரணம்னு உன் பேரைத்தான் போடுவேன்” என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

திங்கள்கிழமை மூன்று மணி. ராணி வேலை முடித்துப் போயிருந்தாள். அலமாரியில் மேலே மூன்று அடுக்கிலும் மறுநாள் முக்க வேண்டிய கூடு. கீழே பல்பு எரிகிறது, அதற்கு மேல் அடுக்கு காலி. நல்ல சூடு வீணாகப் போகிறதே என்று தோன்றியது. ஒரு மணி நேரம்தானே என்று ஸ்வெட்டரை மடித்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

சாத்தியது சாத்தியதுதான். விடிந்து ஆறு மணிக்கு அவர் “ஸ்வெட்டர் எங்க?” என்று கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. எடுத்தேன். ஆறு நாள் மழைக்குள் அப்படி ஒரு காய்ந்த துணியை நான் பார்த்ததில்லை. அவர் போட்டுக்கொண்டு, “அடுப்புல இருந்து எடுத்த பன்னு மாதிரி இருக்குது” என்று சொல்லிச் சந்தோஷமாக பஸ் ஏறினார். நானும் கெட்டிக்காரி மாதிரி நின்றேன். அதில் இருந்த தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். ஈரத்தோடு இருபது வருடம் மல்லுக்கு நின்றவள் யோசிக்கவில்லை. இந்த ஊரில் துணி காய்ந்துவிட்டால் எங்களுக்குப் புத்தி அங்கேயே நின்றுவிடும்.

எட்டு மணிக்கு ராணி வந்தாள். அன்று மத்தியானத்துக்குள் கடைக்கு அறுபது டப்பா போக வேண்டும். சுற்றுலா வந்த ஒரு பெரிய கூட்டம் ஊட்டிக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. கடைக்காரர் அதற்குள் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். ராணி ஒரு துண்டை எடுத்துக் காதில் வைத்து ஒடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

“சத்தம் வரலக்கா.”

“மழைச் சத்தத்துல என்ன கேக்கும்?”

“இல்லக்கா. ஒடியல, மடங்குது. கையிலயே தெரியுது பாருங்க. ரெண்டு மூணு மணி நேரம் அலமாரில வெச்சுப் பாக்கலாமா?”

“விடிய விடிய அலமாரியிலதானே இருந்துச்சு? இன்னும் வெச்சா மட்டும் என்ன ஆயிடும்?”

“இன்னிக்கி வேண்டாம்னு அண்ணாகிட்டச் சொல்லிடலாங்க்கா.”

அப்போது நான் சொன்னது இது: “நீ தனியாச் செய்யறப்போ உன் இஷ்டத்துக்கு வேண்டாம்னு சொல்லிக்க. இது என் பேர்ல போறது. முக்கு.”

முக்கினாள். வழக்கத்தைவிட நிதானமாக, ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து வைத்தாள். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மத்தியானம் அறுபது டப்பாவும் போய்விட்டன.

வியாழக்கிழமை கடைக்காரர் கூப்பிட்டார். அந்தக் கூட்டம் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி, டப்பாக்களைக் கண்ணாடிப் பெட்டி மேல் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறது. ஒரு அம்மாவின் மடியில் ஒழுகி, பட்டுப்புடவை போனதாம். நான் போய் ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அழுதிருந்தன. சாக்லேட் விரிசல் விட்டு, அடியில் பழுப்பாகக் குட்டை கட்டி நின்றது.

“பதினஞ்சு வருசமாக் கடை வெச்சிருக்கேனுங்க” என்றார் கடைக்காரர். “வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வந்து மூஞ்சில போட்டுட்டுப் போறது இதுதான் மொதத் தடவை. யாருங்க முக்குனது?”

“ராணிதான் முக்கினா” என்றேன்.

“ஓட்டை விட்டிருக்குமா அந்தப் புள்ள?”

“விட்டிருப்பா போல. நான் கூடவே நிக்கலீங்க.”

“அப்ப அந்தத் தட்டு விசயத்தைக் கொஞ்சம் ரோசனை பண்ணோணும்” என்றார். நான் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தங்கச்சிகளே, முதலில் சொன்னதை மட்டும் பாருங்கள். ‘ராணிதான் முக்கினா’ என்பதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அதைக் கேட்கிறவர் எதை எடுத்துக்கொள்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நெருக்கடியில் பொய் சொல்லாமல் இருப்பது பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையை எடுத்து இன்னொருத்தி தலையில் வைப்பது அதைவிடச் சுலபம். உடனே மனசும் சமாதானமாகிவிடும். அதற்குப் பிறகு சொன்ன பொய் தனியாகத் தெரியவே தெரியாது, முன்னால் போன உண்மையின் வாலைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “மூணு நாளா ஆபீஸ்ல வர்றவன் போறவனெல்லாம் என்னை மோந்து பாக்கறான். மிட்டாய் வாசம் வருதாமா. நீ சோப்பு மாத்திட்டியா?”

நான் தோசைக் கல்லின் முன்னால் நின்றிருந்தேன். அடுப்பை அணைத்தேன். ஸ்வெட்டரை வாங்கி முகர்ந்தேன். கூட்டின் வாசனை ஸ்வெட்டருக்கு வந்திருக்கிறது என்றால், ஸ்வெட்டரின் தண்ணீர் கூட்டுக்குப் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அப்போதே போன் செய்திருக்கலாம். கடையில் ஆள் இருக்கும் நேரம்தான். செய்யவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இந்த மழையில் எப்படியும் கூடு தளர்ந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. ஸ்வெட்டர் அப்படியொன்றும் சொட்டச் சொட்ட இல்லையே என்று இன்னொன்று. ராணிக்கு ஒரு சீசன் பொறுத்துத் தட்டு கிடைத்தால்தான் என்ன, அதுவரை இன்னும் பழகிக்கொள்ளட்டுமே என்றுகூட நினைத்தேன். பார்த்தீர்களா, அவளுக்கு நல்லது செய்கிற மாதிரியே வந்து நிற்கும். காரியம் கெட்டுப்போன நாளில் உங்கள் மனசில் வருகிற நல்ல யோசனைகளை நம்பாதீர்கள். அவை எல்லாவற்றுக்கும் அடியில் எனக்கு இருந்தது ஒன்றுதான்: அவள் போகக் கூடாது.

மறுநாள் எட்டு மணிக்கு ராணி வரவில்லை. ஒன்பதரைக்கு அவளிடமிருந்து போன்.

“அக்கா, கடைக்குக் கொஞ்சம் வர முடியுங்களா? இங்க ஒரு பேச்சு நடக்குது.”

டிசம்பரில் எந்தத் தேதிக்கு முதல் டப்பா கொண்டுவரட்டும் என்று கேட்கக் கடையில் ஏறியிருக்கிறாள். அவர் சொல்லிவிட்டார், நான் சொன்னதை அப்படியே. படிக்கட்டு வழியாக இறங்கிப் போக எனக்குக் கால் மணி நேரம் ஆனது. தண்ணீர் படிக்குப் படி என் கூடவே இறங்கி வந்தது. போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எல்லா ஒத்திகையிலும் நான் கொஞ்சம் நல்லவளாகத்தான் வந்தேன்.

உள்ளே போனதும் ராணி அதைக் கேட்டாள், நான் ஆரம்பத்தில் எழுதியதை. அவள் குரல் உயரவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. நான் ஈரக் குடையை எங்கே சாய்ப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏனுங்க, சொல்லுங்க” என்றார் கடைக்காரர். “அந்தப் புள்ள கேக்குதில்லீங்க.”

“சொன்னா” என்றேன். “சத்தம் வரலைன்னு சொன்னா.”

அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டதும் அவ்வளவுதான். கடைக்காரர் தலையை ஆட்டினார்.

“சத்தம் கெடக்குதுங்க. அது உங்க ரெண்டு பேர்த்துக்குள்ள. எனக்கு இந்த ஓட்டைக்குப் பதில் வேணும். ஓட்டை விட்டது யாரு? அது தெரியாம தட்டு எப்படிங்க குடுக்கறது?”

தான் ஓட்டை விடவில்லை என்று ராணிக்குத் தெரியும். விடிய விடிய பல்பு அலமாரியில் இருந்த கூட்டுக்குள் ஈரம் எப்படி வந்தது என்று தெரியாது. கண்ணாடிப் பெட்டி மேல் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தாள். ஒருவேளை நாம்தான் எங்கேயோ விட்டுவிட்டோமோ என்று அவள் தன் விரலையே சந்தேகப்படுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எட்டு வருடத்தில் அவள் விரலை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

ஸ்வெட்டர் விஷயம் அந்தக் கடையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் சொல்லாவிட்டால் அது யாருக்கும், எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை.

“ஓட்டையே இல்லீங்க” என்றேன். “கூடு இருந்த அலமாரில ஈர ஸ்வெட்டரைக் காயப்போட்டது நான். அவ வேண்டாம்னு சொல்லியும் முக்க வெச்சது நான். நேத்து உங்ககிட்டச் சொன்னது பொய்.”

கடைக்காரர் டப்பாவை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். “அப்ப அறுபது டப்பாலயும் இருக்கறது உங்க ஊட்டுக்காரர் ஸ்வெட்டர்த் தண்ணீங்களா?” என்று கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். யாரும் சிரிக்கவில்லை.

ராணி அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

“எப்ப வெச்சீங்க?”

“திங்கக்கெழமை. நீ போனதும். மூணு மணிக்கு.”

“எடுத்தது?”

“விடிஞ்சு ஆறுக்கு.”

“பதினஞ்சு மணி நேரம்” என்றாள். திட்டவில்லை. கணக்குத் தீர்ந்த மாதிரி ஒரு மூச்சு விட்டாள். தன் விரல்களை முந்தானையில் ஒரு முறை துடைத்துக்கொண்டாள்.

“நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா” என்று கடைக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், “காலங்காத்தால இந்தப் புள்ளைய நிக்க வெச்சு நான் அந்தப் பேச்சுப் பேசியிருக்க மாட்டேனுங்க.” உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. ஒரு நாள் தாமதித்த உண்மைக்கு ஒரு நாளின் கனம் கூடிவிடுகிறது. அது இன்றும் இந்தத் தோளில்தான் எங்கேயோ இருக்கிறது, டாக்டர் எடுத்த படத்தில் விழவில்லை.

அவர் ராணியிடம் திரும்பினார். “சரி புள்ள, தட்டு விசயம்…” என்று இழுத்தார்.

ராணி அவர் முடிக்கும்வரை நிற்கவில்லை. பையைத் தரையில் வைத்தாள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, அவரைத் தாண்டி உள்ளே போய், சுவர் அலமாரியில் தனக்கென்று பேசியிருந்த நடுத்தட்டின் ஓரத்தில் கட்டைவிரலை ஊன்றினாள். கையை அகல விரித்துச் சாண் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு மட்டும் அசைந்தது. நாலாவது சாணுக்குக் குறுக்கே என் பேர் போட்ட பழைய டப்பா ஒன்று நின்றது. அதை எடுத்து, என்னைப் பார்க்காமலே என் கையில் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அடுத்த சாணை வைத்தாள்.